ஆவணம்: இல்லை

எங்கள் பகுதி முகாமின் பெயர்ப் பலகையை மாற்றிய அன்று எனக்கும் அழைப்பு வந்தது. 'அகதிகள் முகாம்' என்று இருந்ததை அழித்துவிட்டு 'மறுவாழ்வு முகாம்' என்று எழுதியிருந்தார்கள். நல்ல காரியம்தான். பலகைக்குப் பின்னால் இருந்த வீடுகள் பழைய வீடுகளாகவே இருந்தன என்பதைச் சொல்லி விழாவைக் கெடுக்க எனக்கு மனமில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இப்போது அங்கே தனி வருவாய் ஆய்வாளராக இருக்கும் கவிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், புதுசா சேர்ந்தவங்களுக்கு ஒரு நாள் வந்து பேசுங்களேன். பதிவேடெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகுதுங்க. கையில எழுதுன காலத்துல எப்படி வேல பாத்தீங்கன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேடை ஏறினால் எனக்கு என் பெருமைகள் மட்டுமே ஞாபகத்துக்கு வரும் என்று எனக்கே தெரியும். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அதே கவிதா வேறொரு காரியமாக என் வீட்டுக்கு வந்தார். அதற்கு அப்புறம்தான், பேசாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் வேலைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களுடையது தறிக்காரக் குடும்பம். சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் தறியை விட்டு பனியன் கம்பெனி வைத்தபோது நான் ஒருவன் தேர்வு எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளர் ஆனேன். "எல்லாரும் கட்டிங் டேபிள் போடறான், நீ ஆபீஸ் டேபிளுக்குப் போறியா?" என்று வீட்டில் கேலி செய்தார்கள். பட்டா, வாரிசுச் சான்று, சாதிச் சான்று என்று சில வருடம் ஓடியது. தொண்ணூறில் முகாம் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே போவதைத் தண்டனை என்றுதான் அலுவலகத்தில் சொல்வார்கள். நானும் தண்டனை என்றே நினைத்துப் போனேன்.

அங்கே எனக்கு மேலதிகாரி சென்னியப்பன் என்ற துணை வட்டாட்சியர். குண்டடம் பக்கத்துக்காரர். வெயிலில் காய்ந்த உடம்பு, மெல்லிய குரல். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், யாருக்கும் 'முடியாது' என்றும் சொல்லமாட்டார். "பாக்கலாமுங்க சாமி" என்பார். அந்த 'பாக்கலாமுங்க'வில் நடப்பது எது, நடக்காதது எது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. மேசைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பார். அதன் பக்கத்தில் ஒரு நீல மைப் பேனா, நன்றாகச் சீவிய ஒரு பென்சில், ஒரு ரப்பர்.

பேனா பதிவேட்டுக் கட்டங்களுக்கு. பென்சில் ஓரத்துக்கு. விதிப்படி எழுத முடியாத, ஆனால் மறக்கவும் கூடாத விஷயங்களை அவர் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் குறித்து வைக்கச் சொல்வார். 'மூத்த மகனைப் பற்றிக் கேட்க வேண்டாம்.' 'சித்தி, தாய் இல்லை.' 'காது கேட்காது, சத்தமாகக் கூப்பிடவும்.' மேலிடத்து ஆய்வுக்கு முன்னால் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். ஆய்வு முடிந்ததும் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத வேண்டும். எந்த விதிப் புத்தகத்திலும் இந்த முறை கிடையாது. நான் பார்த்த அலுவலக முறைகளிலேயே மனுசத்தன்மை உள்ளது அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

முகாம் அப்போது கைவிடப்பட்ட ஒரு பஞ்சு குடோன். தார்ப்பாயும் சேலையும் கட்டி அறை பிரித்திருந்தார்கள். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் முகாமிலிருந்து லாரியில் வந்து இறங்கியவர்களுக்கு வாசலிலேயே மேசை போட்டுப் புதிதாகப் பதிவு செய்வோம். குடும்பத் தலைவர் பெயர், வயது, உறவு, உடலில் அடையாளம், இலங்கையில் கடைசி முகவரி, கரையிறங்கிய இடம், கையில் உள்ள ஆவணம். ஏழாவது கட்டமான 'ஆவண'த்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றே எழுதுவோம். கழுத்தளவு தண்ணீரில் நடந்து படகு ஏறியவர்களிடம் என்ன இருக்கும்? சில நாட்களில் நான் கேள்வி கேட்கும் முன்பே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவேன்.

அப்படி ஒரு நாள் முன்கூட்டியே எழுதப் போனபோதுதான், எதிரே நின்றவர் "இருக்குங்க ஐயா" என்றார்.

அவர் பெயர் முத்தையா. முப்பது வயதுக்குள் இருக்கும். கூட மனைவி மட்டும். இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் கருநீல அட்டை போட்ட இந்தியப் பாஸ்போர்ட். சிங்கத் தலை முத்திரை, கண்டியில் இருந்த நம் நாட்டு அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய அவருடைய புகைப்படம். அதை மேசைமேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"நாங்க அகதி இல்லீங்கய்யா. நாங்க இந்தியாக்காரங்க. பாருங்க, உங்க கவுர்மெண்டு குடுத்தது."

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். முத்தையாவின் தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். கூட்டிப் போனது வெள்ளைக்காரன். இரண்டு பக்கமும் அவன் ஆட்சிதான் என்பதால் அப்போது அது ஊர் மாறுகிற விஷயம், அவ்வளவுதான். அவன் போன பிறகு இரண்டு பக்கமும் தனித்தனி நாடு. புது நாட்டுக்குத் தன் ஆள் யார் என்று எண்ணிப் பார்க்கும் அவசரம் வந்தது. தேயிலை பறித்தவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்றது அந்த நாடு. எல்லாரையும் எங்கள் தலையில் கட்டாதே என்றது இந்த நாடு. பிறகு இரண்டு அரசும் உட்கார்ந்து, பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிக்கிற மாதிரி இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அப்போதும் மீந்தவர்களைப் பிறகொரு நாள் ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டார்கள். முத்தையா நம் பங்கில் வந்தவர். பாஸ்போர்ட் கொடுத்துவிட்டு, கப்பலுக்குக் கூப்பிடுவோம், காத்திரு என்றார்கள். காத்திருந்தபோதே சண்டை மூண்டு கப்பல் நின்றது. மலையிலிருந்து வவுனியாவுக்குப் போனார், அங்கிருந்து மன்னாருக்கு, அங்கிருந்து படகில் இங்கே. தன் நாட்டுக்குள்தான் வந்தார். வந்த வழிதான் தப்பு.

நான் பாஸ்போர்ட்டைச் சென்னியப்பனிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூடினார். இரண்டு கையாலும் முத்தையாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சாமி, இதைய உள்ள வெய்யுங்க."

"ஏனுங்கய்யா? செல்லாதுங்களா?"

"செல்லுமுங்க. செல்லறதுதான் சிக்கலு. நீங்க கப்பல்ல வந்திருந்தா தாயகம் திரும்பினவருங்க. கடனு, வேல, ஊடு எல்லாம் தனித் திட்டத்துல உண்டு. படகுல வந்ததுனால அகதிங்க. அதுக்குத்தான் இந்த குடோனும் அரிசியும். இந்த புஸ்தகத்தைக் காட்டினீங்கன்னா நீங்க அகதியுமில்ல. கப்பல்ல வராததுனால அந்தத் திட்டமுமில்ல. அப்பறம் சம்சாரத்தைக் கூட்டிட்டு ரோட்டுலதானுங்க நிக்கோணும்."

முத்தையா மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு நிற்கவே முடியவில்லை, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முத்தையா பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்தார்.

சென்னியப்பன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏழாவது கட்டத்தில் 'இல்லை' என்று பேனாவால் எழுதினேன். முத்தையாவிடம் கேட்டு ஓரத்தில் பென்சிலால் பாஸ்போர்ட் எண்ணைக் குறித்தேன். அதுவரை நடந்தது அவர் உத்தரவு. அதற்கு மேல் நடந்தது என் சொந்தச் சரக்கு. முத்தையாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "இதை யாருகிட்டயும் காட்டிராதீங்க. போலீஸ் வந்து கேட்டாலும் இல்லைன்னே சொல்லுங்க. காட்டலாம்னு வர்றப்ப நானே சொல்றனுங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மாலை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நினைப்போடு சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருடம் கழித்துச் சென்னியப்பன் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் ஓரத்துப் பென்சிலைப் பார்த்து, "இதென்ன பள்ளிக்கூட நோட்டா?" என்றார். ஆய்வுக்கு முன்னால் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். வழக்கம்தானே என்று அழித்தேன். ரப்பர் துகளை ஊதித் தள்ளினேன். ஆய்வு முடிந்த பிறகு மறுபடி எழுத உட்கார்ந்தால், யாருக்குக் காது கேட்காது என்பது ஞாபகம் இருந்தது. பாஸ்போர்ட் எண் ஞாபகம் இல்லை. முத்தையாவைக் கூப்பிட்டு ஒரு நிமிடத்தில் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன்.

முத்தையாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்தது. மாதம் ஒரு நாள் முகாமில் ஆள் சரிபார்ப்பு நடக்கும். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் அவரவர் வாசலில் அட்டையோடு நிற்க வேண்டும், நாங்கள் பெயரைப் படித்து முகத்தைப் பார்த்து டிக் போடுவோம். தொடர்ந்து ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவோம். அதனால் அன்றைக்குத் திருப்பூரில் எத்தனை பெரிய ஆர்டர் ஓடினாலும் முகாம்காரர்கள் மட்டும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். முத்தையாவின் கை ஒரு மாதம் நீலமாக இருக்கும், ஒரு மாதம் சிவப்பாக. "இந்த மாசம் என்ன கலருங்க?" என்று நான் கேட்பேன். "ஐரோப்பாக்காரன் கேட்ட கலருங்கய்யா" என்பார். கைநாட்டு வைப்பவர்கள் அவரைப் பார்த்து, உனக்கு மைப் பெட்டியே வேண்டாமே என்று கிண்டல் செய்வார்கள்.

மகள் பிறந்த அன்று அவர் அலுவலகத்துக்கு வந்தார். புஷ்பராணி என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். பதிவேட்டில் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் போகும்வரை நின்றுவிட்டுக் கேட்டார்.

"ஐயா, இப்ப காட்டலாமுங்களா?"

சட்டம் எனக்குத் தெரியும். அந்த வருடங்களில் இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கு அப்பா அம்மாவில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், குழந்தையும் குடிமகள். ஆனால் முத்தையா குடிமகன் என்று ஆனால் அகதிக்கான அரிசியை அவர் வாங்கியது தப்பாகிவிடும். 'இல்லை' என்று எழுதியவனும் பதில் சொல்ல வேண்டும்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமுங்க" என்றேன்.

இடையில் பல்லடம், உடுமலை என்று எங்கெங்கோ மாற்றிவிட்டு, வருவாய் ஆய்வாளராக என்னை மறுபடி அந்த முகாமுக்கே அனுப்பினார்கள். முதல் சரிபார்ப்பு நாளில் புஷ்பராணி பள்ளிச் சீருடையில் வாசலில் நின்றாள். முத்தையா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய்விட்டார். டிக் போட்டுவிட்டு நகர்ந்தபோது பின்னாலேயே வந்து கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். முதல் முறை அவருக்காகவும் கொஞ்சம் பயந்தேன். இரண்டாம் முறை முழுக்க எனக்காகத்தான் பயந்தேன். அப்போது எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது.

நான் ஓய்வு பெறும் வருடம் கடைசியாக அந்த முகாமுக்குப் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்று பார்த்தார். கேட்காத கேள்விக்கு நானாகவே, "கொஞ்ச நாளுங்க" என்றேன். "சரிங்கய்யா" என்றார். பிறகு அவர் இறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். நான் துக்கத்துக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

கவிதா அந்தச் சனிக்கிழமை மதியம் வந்தபோது கூட ஒரு பெண் இருந்தாள். வெள்ளைக் கோட்டு, பையில் ஸ்டெதஸ்கோப்.

"புஷ்பராணி சார். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல நர்ஸா இருக்காங்க."

விரலில் ஊசி ஏறிய டெய்லர்களுக்குக் கட்டுப்போட்டுவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். விஷயம் இதுதான். அரசு மருத்துவமனை நர்ஸ் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். விண்ணப்பத்தில் 'இந்தியர்' என்று போட்டிருந்தாள். சான்றிதழ் சரிபார்ப்பில் அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பதிவேட்டில் அவளுடைய அப்பா இலங்கை அகதி. கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் காட்டாவிட்டால் வேலையும் போகும், பொய் சொன்னாள் என்ற பெயரும் நிற்கும்.

கவிதா பதிவேட்டின் நகலை மேசையில் விரித்தார். "சார், இது உங்க கையெழுத்துதானுங்களே?"

என் கையெழுத்தேதான். ஏழாவது கட்டம். 'இல்லை.' ஓரம் வெள்ளையாக இருந்தது.

நான் நிமிர்ந்து புஷ்பராணியைப் பார்த்தேன். திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதற்குள் இன்னொரு பை.

"இத நான் இன்னும் யாருக்கும் காட்டல சார். கவிதா மேடத்துக்குக்கூட இருக்குன்னு மட்டுந்தான் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது சொன்னாரு. அந்த ஐயா நமக்கு நல்லது பண்ணினவரு, அவரக் கேக்காம காட்டக் கூடாதுன்னு." பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்ப காட்டலாமுங்களா சார்?"

வேலைக் காலத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன், மனு எழுதிப் போட்டிருக்கிறார்கள், ஒரு முறை ஒருவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. அந்த மனிதர் சாகும்வரை என்னை நம்பிவிட்டு, நம்பச் சொல்லி மகளிடமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"காட்டு கண்ணு," என்றேன். "முப்பது வருசம் முன்னாலயே காட்டியிருக்கோணும்."

கவிதா பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இது மட்டும் போதாதுங்க சார். ஆவணம் இல்லைன்னு அப்பவே அதிகாரி எழுதியிருக்காரு, இப்ப எங்கிருந்து வந்துச்சும்பாங்க. வேற ஆளோட பாஸ்போர்ட்டும்பாங்க. அன்னிக்குப் பாத்தவரு எழுதிக் குடுத்தாத்தான் நிக்கும். ஆனா குடுத்தீங்கன்னா... பொய்யா எழுதினேன்னு நீங்களே ஒத்துக்கற மாதிரி. பென்ஷன்ல கை வெப்பாங்களான்னு எனக்குத் தெரியலீங்க."

அவர்களை அனுப்பிவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது: 'மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவின்படி...' அழகாக வந்தது. சென்னியப்பன் இறந்து பல வருடம் ஆயிற்று, மறுக்க மாட்டார். படித்துப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் யாரிடமும் காட்டாதே என்றது அவர் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்று இழுத்ததும் அவர் இல்லை. தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். என் மனைவி படித்துப் பார்த்து, "எல்லாத்தையும் எழுதோணுமுங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

விசாரணை பத்து நாளில் வந்தது. விசாரணை அதிகாரிக்கு என் மகன் வயது இருக்கும். எதிரே கம்ப்யூட்டர். பக்கத்தில் பழைய பதிவேடு, பாஸ்போர்ட், என் வாக்குமூலம்.

"ஆவணத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனுங்க. கையில வாங்கிப் பார்த்தனுங்க. அதே போட்டோதான்."

"பார்த்துட்டு ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"இருக்குன்னு எழுதினா அவங்களுக்கு இருக்க இடம் கிடைக்காதுங்க."

"சரி. அதுக்கப்புறம் இத்தனை வருசம் ஏன் திருத்தல?"

"பயமுங்க."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி அந்த வரியை அடையாளம் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த ஒரு சொல்லை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். ஓய்வு பெற்றவர் பதிவேட்டில் கை வைக்கக் கூடாது என்றார். விதி அதுதான். அந்த விதியை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இது உத்தரவு இல்லை என்று அவர் புஷ்பராணியிடம் விளக்கினார். பாஸ்போர்ட் எண் மேலே போய் உறுதியாகி வர வேண்டும். சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலகத்துக்கு அவகாசம் கேட்டுக் கடிதம் தருவதாகச் சொன்னார். என்னிடம் தனியாக விளக்கம் கேட்கப்படும் என்றும் சொன்னார். இதை எழுதும்வரை பாஸ்போர்ட் எண் உறுதியாகியும் வரவில்லை, என்னிடம் விளக்கம் கேட்டும் எதுவும் வரவில்லை.

பிறகு அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அன்றைய பதிவைத் தட்டினார். விதிப்படி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டினார். "தகப்பனார் பெயர், முத்தையா. கரையிறங்கிய இடம், ராமேஸ்வரம். கையில் உள்ள ஆவணம், உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு."

புஷ்பராணி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சார், அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ படிக்கிறீங்களா?" என்றாள்.